பதினொரு கிலோமீட்டர் வெளிநாடு

கொம்பையா வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று, உப்பளச் சாலையில் வேன் பஞ்சராகாமல் இருந்திருந்தால் இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருப்பான். பஞ்சரானதால் ஒரு மணி நேரமாகிவிட்டது. வழியனுப்ப வந்த சனம் ஒருமுறை அழுது முடித்திருந்தது. ஸ்டெப்னி மாட்டிக் கிளம்பும்போது திரும்பவும் முதலிலிருந்து அழவேண்டி வந்தது. இரண்டாவது அழுகையில் அவ்வளவு சாரம் இல்லை. தங்கை இசக்கியம்மாள் மட்டும் மூன்று மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு தடவையும் ஒரே மாதிரி அழுதாள்.

அவன் ஊர் நெட்டையன்குளத்திலிருந்து அந்த வெளிநாடு பதினொரு கிலோமீட்டர். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களை ஒட்டி, ஆடுகூட மேயாத பொட்டலில் நாற்பது ஏக்கரை வளைத்து இரட்டை வேலி போட்டிருந்தார்கள். அரசாங்கத் தாளில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சனம் அதை அக்கரை என்றது. நடுவில் கடல் கிடையாது. ஓர் ஓடை இருந்தது; அதிலும் ஐப்பசி கார்த்திகையில்தான் தண்ணீர் வரும்.

கொம்பையா அதற்கு முன்னால் உப்புக் கொட்டகையில் லோடுமேன். பதினைந்து வயதில் மூட்டை தூக்கும் கொக்கியைப் பிடித்தவன். அப்பன் உப்பு மூட்டைக்கு அடியில் கழுத்து முறிந்து செத்தபோது தங்கைக்கு ஒன்பது வயது. அவளை வளர்த்து, செந்தூர்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது இவனுக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ள மறந்துபோனது என்றுதான் சொல்லவேண்டும். பாதத்தில் உப்பு அரித்த வெடிப்பில் ஒரு ரூபாய்க் காசைச் செருகலாம். அந்தத் தோளையும் முதுகையும் நம்பித்தான் கம்பெனி அவனை எடுத்தது.

முதல் நாள் சூப்பர்வைசர் ஜெபராஜ் புது ஆட்களை வரிசையாக உட்கார வைத்து விளக்கினான். நாசரேத் பக்கத்துப் பையன், படித்தவன், எல்லோரையும் அண்ணே என்பான். அவன் சொன்னதன் சுருக்கம் இது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டில் பெரிய துறைமுகக் கிடங்கு. அங்கே பதினோரடி உயர இரும்பு ஆட்கள் நிற்கிறார்கள். இங்கே இவர்கள் ஒரு சட்டையையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினால் அங்கே இரும்புக் கை தூக்கும். அங்கே தூக்குகிற எடையில் பத்தில் ஒரு பங்கு இங்கே தோளில் அழுத்தும். அந்த அளவாவது தெரிந்தால்தான் மூட்டை ஊறியிருக்கிறதா, தையல் விடப்போகிறதா என்று ஆளுக்குப் புரியும். தானாக வேலை செய்யும் எந்திரங்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாற்பது நாட்டு மூட்டை, நாற்பது விதத் தையல், பாதியைக் கிழித்துப்போட்டது.

"உடம்பு இங்க இருக்கும் அண்ணே. கை அங்க வேலை பாக்கும். கை எந்த நாட்டுல வேலை பாக்குதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் ஆளுக்கு. ரெண்டு அரசாங்கமும் பேசிக் கையெழுத்துப் போட்டாச்சு."

"அப்போ காலு எந்த நாட்டுல இருக்கு?" என்று கேட்டான் கொம்பையா.

ஜெபராஜ் குனிந்து அவன் காலைப் பார்த்தான். "காலு கையோடதான போவும்" என்றான்.

அதனால் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டது. வேலைப் பெர்மிட் கம்பெனி பெயரோடு கட்டிப்போட்டது. வேறு கம்பெனிக்கு மாறக் கூடாது. வேலியைத் தாண்ட வேண்டுமானால், தாயே செத்தாலும், முதலாளி கையெழுத்துப் போட்ட வெளியேற்றச் சீட்டு வேண்டும். வேலிக்குள் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடியது, அந்த நாட்டு நேரப்படி. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் நெட்டையன்குளத்துக் கோயில் கோபுரம் தெரியும். கோபுரத்தில் மணி எட்டு என்றால் தொட்டிமேல் ஆறரை. ஊருக்குப் போன் பேசினால் வெளிநாட்டு அழைப்பு என்று காசு பிடித்தார்கள். உள்ளே ஒரு கடையும் இருந்தது. சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம், பால்பவுடர் டின், புலிப்படம் போட்ட கம்பளி. அந்தச் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, நெட்டையன்குளம் வழியாகத்தான் லாரியில் வரும். ஊரில் யாரும் அந்த லாரியை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உள்ளே போய்விட்டு வரும் கம்பளிக்குத்தான் மதிப்பு.

வேலை ஆரம்பித்த முதல் காலையில் ஒரு சம்பவம் நடந்தது. கொம்பையா சட்டையை மாட்டிக்கொண்டு, உப்புக் கொட்டகைப் பழக்கத்தில் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். கடலுக்கு அப்பால் பதினோரடி இரும்பு குனிந்து, கிடங்கின் சிமெண்டுத் தரையைத் தொட்டு, தன் இரண்டு கண்ணாடிக் கண்களிலும் ஒற்றிக்கொண்டது. பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த அந்த நாட்டுக்காரர்கள் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அனுமதியில்லாத அசைவு என்று புகார் வந்தது. ஜெபராஜ் வந்து, அதை விட்டுவிடச் சொன்னான். கொம்பையா விடப் பார்த்தான். கும்பிடாமல் தூக்கிய முதல் மூட்டையே கிழிந்தது. அதற்குள் யாரோ எடுத்த வீடியோ அந்த நாட்டில் பரவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். கம்பெனி அந்தப் படத்தை நாட்காட்டியில் போட்டது. அனுமதியில்லாத அசைவு பாரம்பரிய அசைவு ஆனது.

மாதத்துக்கு ஒரு நாள் ஓய்வு. எந்த நாள் என்று ஆளே சொல்லலாம். மற்றவர்கள் ஞாயிறு கேட்டார்கள். கொம்பையா அமாவாசை கேட்டான். உப்புக் கொட்டகையில் அமாவாசையன்று எவனும் மூட்டையைத் தொடமாட்டான். கொக்கியைச் சுவரில் மாட்டிவிட்டுச் சும்மா இருப்பான். இங்கேயும் அதைத்தான் செய்தான்; அங்கே இரும்பும் அதையே செய்தது. சட்டையை மாட்டி, தரையைத் தொட்டுக் கும்பிட்டு, கொக்கியை ஆணியில் தொங்கவிட்டு இறங்கிவிடுவான். ஓய்வு என்றாலும் வேலிக்குள்தான். தொட்டிமேல் ஏறிக் கோபுரத்தைப் பார்த்தபடி பீடி குடிப்பான்.

இதெல்லாம் அவனுக்குப் பெரிய குறையில்லை. வெயிலில் உப்புச் சுமந்தவனுக்கு ஏசி அறையில் பத்தில் ஒரு பங்கு சுமப்பது சொகுசுதான். குறை ஒன்றே ஒன்று. தங்கை மகள் சுடருக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். இசக்கிக்கு இருக்கிறது ஒரே அண்ணன்.

ஒற்றைப்படை வயசில்தான் குத்துவார்கள். பிள்ளைக்கு ஒரு வயசாகும்போது கொம்பையா வெளியேற்றச் சீட்டு கேட்டு எழுதிக்கொடுத்தான். சேர்ந்து ஒரு வருஷம் முடியாமல் தாய்நாட்டுக்குப் போக முடியாது என்று பதில் வந்தது. மூன்று வயசில் கேட்டான். தானியக் கப்பல் வரும் பருவம், ஆளை விட முடியாது என்றார்கள். அந்தத் தடவை இசக்கி எல்லா ஏற்பாடும் செய்துவிட்டிருந்தாள். செந்தூர்பாண்டிக்குக் கோபம். மனைப்பலகைமேல் போனை நிறுத்தி வைத்து, வீடியோவில் மச்சான் தெரிய, அதன் முன்னால் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்றான். இல்லாவிட்டால் தன் தம்பி மடி என்ன முள்ளா என்று கேட்டான். இசக்கி போனைப் பலகையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, விருந்துக்கு வெட்டிய ஆட்டைச் சமைத்துப் போட்டு எல்லோரையும் அனுப்பிவிட்டாள். பிள்ளை காதில் கம்மல் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் வரிசையில் அவளை நிற்கச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள்.

இப்போது ஐந்து வயசு முடிய மூன்று மாதம் இருந்தது. தவறினால் ஏழுக்குத்தான். ஏழு வயசுப் பிள்ளையை மடியில் வைத்தால் ஊர் சிரிக்கும் என்று இசக்கி போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ தொலவுல இருந்தா சரின்னு இருப்பேன் அண்ணே. அங்கன ஏறி நின்னு நீ கோவுரத்தப் பாக்கே. நான் கோவுரத்துக்குக் கீழ நிக்கேன்" என்றாள். அதற்கு மேல் அந்தப் போனில் பேச்சு ஓடவில்லை. ஓடாத நேரத்துக்கும் வெளிநாட்டு அழைப்புக் காசு பிடித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெபராஜ் ஒரு வழியோடு வந்தான். முதலாளி ஆளுக்குப் பதில் ஆள் இருந்தால் லீவு கொடுப்பார். பதில் ஆள் இல்லை. ஆனால் இரும்புக்கே வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டால்?

"அஞ்சு வருசமா நீங்க செஞ்சதெல்லாம் அதுக்குள்ள பதிஞ்சு கெடக்கு அண்ணே. எதுக்காகச் செஞ்சீங்கன்னுதான் அதுக்குத் தெரியாது. ரெண்டு மாசம் உக்காந்து நீங்க சொல்லிக்குடுத்தா, அது பாத்துக்கிடும். நீங்க போயிட்டு வாங்க."

அதே பேச்சு மற்றவர்களிடமும் நடந்திருந்தது. பக்கத்து அறைக்காரன் ஒருவன் தலையை ஆட்டிவிட்டு, தன் இரும்புக்குப் பாதியைச் சொல்லிக்கொடுத்துப் பாதியை ஒளித்துவைத்தான். கொம்பையாவுக்கு அது வரவில்லை. லோடுமேன் கூட்டத்தில் புதுசாகச் சேருகிறவனுக்கு எதையும் ஒளிக்கக் கூடாது. ஒளித்தால் அவன் கழுத்து முறியும். அவன் அப்பனுக்கு முறிந்தது அப்படித்தான்: ஈர மூட்டையைத் தோளில் வாங்கும்போது எந்தக் காலை முன்னால் வைப்பது என்று யாரோ சொல்லாமல் விட்டார்கள்.

ஆகவே கொம்பையா இரும்பைப் புது ஆளாகவே நடத்தினான். அதற்குப் பயல் என்று பெயரும் வைத்தான். அட்டி போடும்போது, அதாவது மூட்டையை மேலே மேலே அடுக்கும்போது, வாய்த் தையல் உள்பக்கம் பார்க்கவேண்டும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். ஊறிய மூட்டையை எப்படிக் கட்டிப்பிடிப்பது, கிழியப்போகிற மூட்டையை எப்படி ஏமாற்றித் தூக்குவது, இருபது மூட்டைக்கு ஒருதடவை ஒரு பீடி நேரம் நிற்பது. பீடி நேரம் எதற்கு என்று, அவன் சொல்வதைப் பதிவு செய்யக் கம்பெனி உட்கார வைத்திருந்த பெண் கேட்டாள். "நிக்காம தூக்குறவன் இருபத்தொண்ணாவதக் கீழ போடுவான்" என்றான். அவள் அப்படியே பதிந்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பயல் தனியாக ஒரு கப்பலை இறக்கியது. ஒரு மூட்டைகூடக் கிழியவில்லை. கொம்பையாவுக்கு உள்ளபடியே பெருமையாக இருந்தது.

மறுநாள் ஜெபராஜ் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். வெளியேற்றச் சீட்டு. ஒரு நாளைக்கு இல்லை. எந்த நாளுக்கு வேண்டுமானாலும் செல்லும் என்று முதலாளியே கையெழுத்திட்டிருந்தார். கூடவே இன்னொரு தாள்: வேலை இல்லாததால் இனிச் சம்பளம் இல்லை.

கொம்பையா இரண்டாவது தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெட்டியைக் கட்டினான். புலிப்படக் கம்பளி, சென்ட், பிள்ளைக்குப் பேசும் பொம்மை. கேட்டுக்கு நடந்தான்.

கேட்டில் குடியேற்ற அதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் தளவாய். குறுக்குச்சாலைக்காரர், செந்தூர்பாண்டிக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. சீட்டை வாங்கிப் பார்த்தார், கொம்பையாவின் பெருவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீரு இப்ப வேலையில இருக்கீருவே" என்றார்.

"உங்க முன்னாலதான நிக்கேன்."

"நீரு இங்க நிக்கீரு. பெர்மிட்டு அங்க மூட்ட தூக்குது." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கொம்பையா, பெர்மிட் எண், பணியில், இன்று இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை. "அந்த நாட்டுல எந்திரம் மனுசன் வேலையப் புடுங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கான். ஒவ்வொரு எந்திரத்துக்கும் பின்னால ஒரு தொழிலாளி பேரு இருக்கணும். உம்ம பயலுக்குப் பின்னால உம்ம பேருதான் இருக்கு. வேல நடக்கும்போது ஆளு வேலிக்குள்ள இருக்கணும்."

"அது எப்ப வேலைய விட்டு எறங்கும்?"

"எந்திரம்லாவே. ராத்திரி மூலையில நின்னாலும் பணியிலன்னுதான் காட்டும். எதுக்கு எறங்கப் போவுது?"

கொம்பையா பெட்டியைக் கேட்டிலேயே வைத்துவிட்டு ஜெபராஜைப் பார்க்கப் போனான். பெயரை வெட்டிவிடச் சொல்லிக் கேட்டான். வெட்டினால் பயல் நிற்கவேண்டும், பயல் நின்றால் கம்பெனிக்கு நட்டம், ஆகவே பெர்மிட்டை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டியாயிற்று என்றான் ஜெபராஜ். சாப்பாடும் கட்டிலும் உண்டு. வேலை செய்யாத ஆளுக்குச் சம்பளம் மட்டும் எப்படிக் கொடுப்பது? ஓடிப்போனால் என்ன ஆகும் என்றும் அவனே சொன்னான். போன வருஷம் ஒருவன் மழையில் வேலி சாய்ந்தபோது தாண்டிப் போய்த் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தான். பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை இல்லாமல் இந்தியாவில் தங்கியதற்காகப் போலீஸ் பிடித்தது. எங்கிருந்து வந்தானோ அங்கேயே திருப்பி அனுப்பியது. இப்போது சமையல்கட்டில் பாத்திரம் விளக்குகிறான்.

"நான் உங்களுக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன் அண்ணே" என்றான் ஜெபராஜ். அவன் பாஸ்போர்ட்டும் அதே பெட்டியில்தான் இருந்தது.

அதன் பிறகு கொம்பையாவுக்கு ஒரே வேலை, சாப்பாட்டுக்கூடத் திரையில் பயலைப் பார்ப்பது. காலையில் பயல் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. ஈர மூட்டையை இடது காலை முன்னால் வைத்து வாங்கியது. இருபதாவது மூட்டை முடிந்ததும் கையைத் தொங்கவிட்டு ஒரு பீடி நேரம் நின்றது. கொம்பையா எண்ணிப் பார்த்தான். மறுபடி இருபது, மறுபடி நின்றது. அவன் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியில் தாள்களைத் தூக்கிப் பார்த்தான். பதினாறு நாள் தள்ளி, தேதிக்குப் பக்கத்தில் கறுப்பு வட்டம் அச்சாகியிருந்தது.

அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டு, வருகிற அமாவாசைக்குக் காதுகுத்து வை என்றான். உறுதியா என்று அவள் கேட்டாள். உறுதி இல்லை என்றான்.

செந்தூர்பாண்டி வீட்டில் சண்டை வந்தது. வளர்பிறையில் ஆயிரம் நாள் இருக்க, போயும் போயும் அமாவாசையில் எவனாவது பெண்பிள்ளைக்குக் காது குத்துவானா என்று அவன் அம்மா கேட்டாள். வராத மச்சானுக்கு இன்னொரு தடவை ஆடு வெட்ட முடியாது என்றான் அவன். இசக்கி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"எங்கண்ணனுக்குக் கேட்டு தொறக்குத நாளுதான் எனக்கு முகூர்த்தம்."

அமாவாசை விடிந்தது. கொம்பையா குளித்து, வேட்டி கட்டி, பெட்டியோடு திரை முன்னால் உட்கார்ந்திருந்தான். பயல் தன் மூலையிலிருந்து நடந்து வந்தது. குனிந்து தரையைத் தொட்டது. கண்ணில் ஒற்றியது. கொக்கியை எடுத்தது. கொம்பையா பெட்டியின் கைப்பிடியை விட்டான். எடுத்த கொக்கியைப் பயல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. கொண்டுபோய்ச் சுவர் ஆணியில் மாட்டியது. கையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டது.

மேலே கட்டுப்பாட்டு அறையில் ஓட்டமும் சத்தமும். ஜெபராஜ் படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"அண்ணே, பயலுக்கு என்னமோ ஆயிட்டு. ஒரு கோளாறும் காட்டல, ஆனா தூக்க மாட்டேங்குது."

"சுளுக்கா இருக்கும். நாளைக்குச் சரியாயிரும்" என்று சொல்லிக் கொம்பையா பெட்டியைத் தூக்கினான். "இப்ப அது வேலையில இருக்கா, இல்லையா?"

"இல்ல. ஓய்வுன்னு காட்டுது."

கேட்டில் பெருவிரலை வைத்ததும் பச்சை எரிந்தது. தளவாய் அதை நம்பாமல் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். பிறகும் பச்சைதான். அவர் ஒரு சீட்டைக் கிழித்தார். இந்தியாவுக்கு வருகைச் சீட்டு, இருபத்து நான்கு மணி நேரம், நீட்டிப்பு இல்லை. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் வியாபாரம், மருத்துவம், சுற்றுலா என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. "மாமன்னு ஒரு கட்டம் வைக்காம விட்டுட்டான்" என்று முனகிவிட்டு, சுற்றுலாவில் டிக் அடித்தார். வெளியே வந்து கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டு, கொம்பையா நெட்டையன்குளத்துக்கு மினிபஸ் ஏறினான். கண்டக்டருக்கு அவனைத் தெரியும். எப்போ வந்தீய என்று கேட்டார். இப்பத்தான் இறங்கினேன் என்றான்.

இசக்கியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் பந்தல் போட்டிருந்தது. கூட்டம் அரைவாசிதான், பாதிப் பேர் அமாவாசை என்று வரவில்லை, மீதிப் பேர் மச்சான் வருவானா மாட்டானா என்று பந்தயம் கட்டி வந்திருந்தார்கள். தோற்றவர்கள்கூட எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இசக்கி அழவில்லை. மனைப்பலகையைத் தட்டிப் போட்டு, "உக்காரு அண்ணே, நேரமாவுது" என்றாள். நேரம் என்று யாரும் குறித்துக்கொடுக்கவில்லை. அவளாகச் சொல்லிக்கொண்டாள்.

கொம்பையா சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பட்டுப்பாவாடை கட்டிய சுடரைக் கொண்டுவந்து விட்டார்கள். அவள் உட்காராமல் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன்ல இம்புட்டுக்காணும் இருந்தீய" என்று இரண்டு விரலால் அளந்து காட்டினாள்.

"நீயுந்தான் இருந்தே."

அது சரிதான் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். திரும்பி, பொத்தென்று மடியில் உட்கார்ந்தாள். கொம்பையா முதுகை நிமிர்த்திக்கொண்டான். ஐந்து வருஷமாக லட்சக்கணக்கில் மூட்டை தூக்கியிருக்கிறான். எல்லாம் பத்தில் ஒரு பங்காகத்தான் வந்து சேர்ந்தது. இன்றுதான் ஒரு பாரம் முழு எடையோடு அவன்மேல் உட்கார்ந்திருக்கிறது. தொடை மரத்தது. காலை அசைக்கவில்லை. ஆசாரி ஊசியைச் சந்தனத்தில் தொட்டு எடுத்தார். பிள்ளை அவன் இரண்டு பெருவிரலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் காதுக்கு அலறி, இரண்டாவது காதுக்கு அவன் விரலைக் கடித்தாள். கேட்டில் வைக்கிற அதே பெருவிரல்.

சாப்பாடு ஆனது. கம்பளியை எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். அந்த ஊரில் வெயில் எப்படி, தண்ணீர் எப்படி என்று விசாரித்தார்கள். இவனும் இங்கே மாதிரிதான் என்றான். வெற்றிலை போட்டுக்கொண்டு செந்தூர்பாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு மச்சான்மேல் இப்போது கோபம் இல்லை. பிரியமாகத்தான் கேட்டான். வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டான்.

"எப்ப மச்சான் திரும்பப் போறீய?"

பந்தலில் எல்லோரும் பதிலுக்குத் திரும்பினார்கள்.

"விடியக்காலம். அது வேலைக்கு எறங்குறதுக்குள்ள."

"சம்பளந்தான் நிப்பாட்டிட்டானாமே. போயி என்ன செய்யப் போறீய?"

"உள்ள இருக்கணும். அதான் வேலை."

செந்தூர்பாண்டி வெற்றிலையை ஓரமாகத் துப்பினான். "கஷ்டமில்லாத வேலைதான்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. சுடர் வந்து, அடுத்து எப்போ வருவீய என்று கேட்டாள். அடுத்த அமாவாசை என்று சொல்ல வாயெடுத்தவன், ஏதோ தோன்ற, "பாப்போம்" என்றான்.

பதினோரு நாள் கழித்து ஜெபராஜ் அவனைக் கூப்பிட்டான். அந்தக் கிடங்கில் புது மாதிரிச் சணல் சாக்கு வந்து இறங்கியிருக்கிறது, பயல் தடுமாறுகிறது, ஒரு மணி நேரம் சட்டையை மாட்டித் திருத்தம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதற்குக் கூலி கிடையாது. கடைசியாகச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது முதலில் பிடித்துக்கொள்ளும், பார்த்துச் செய்யுங்கள் அண்ணே என்றும் சொன்னான்.

கொம்பையா சட்டையை மாட்டினான். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். புதுச் சாக்கை எப்படிப் பிடிப்பது, வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தான். இருபது மூட்டை தூக்கினான். பிறகு கொக்கியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான். வந்து அறையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

பதிவு செய்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். "இது எதுக்கு அண்ணே?"

"இருபது மூட்டைக்கு அப்புறம் இப்படி உக்காரணும்."

"எவ்ளோ நேரம்?"

"கூப்பிடுற வரைக்கும்."

"யாரு கூப்பிடுவா?"

கொம்பையா இரண்டு கையையும் மடிக்கு மேல் தாங்கலாக வைத்துக்கொண்டான். அவள் அப்படியே பதிந்துகொண்டாள். திரையில், கடலுக்கு அப்பால், பதினோரடி இரும்பு முழங்காலை மடக்கிச் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கையையும் மடிக்கு மேல் தாங்கலாக வைத்திருந்தது. மடியில் ஒன்றும் இல்லை.

திரை ஓரத்தில் ஓய்வு என்று எழுத்து வந்தது. அன்று அமாவாசை இல்லை, சாதாரண வியாழக்கிழமை. கொம்பையா சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தான்.